பல்லாண்டு – 12: கொடைக்கானலில் கூசிய பல்

போன வாரம் கதையைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் நிறுத்தியிருந்தேன். மேஜையில் வரிசையாகப் பாட்டில்கள். உள்ளே நெல்லூர் ஜில்லாவின் பொதிலி, தர்சி, கனிகிரி பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர். பார்வைக்குக் குறை சொல்ல முடியாத தண்ணீர்தான். ஆனால் அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் சுண்ணாம்பு வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுகள். முப்பது நாற்பது வருடம் குடித்தவர்களுக்கு முதுகு குனிய மறுத்தது. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கக் கழுத்து திரும்பாது, உடம்போடு சேர்ந்துதான் திரும்ப வேண்டும். தண்ணீரில் அப்படி என்ன இருந்தது?

ஃப்ளோரைடு.

1937-ல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்'டில் இதை அறிவித்தார்கள். அதே ஆண்டு ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்ட், மன்னாடி நாயர் நால்வரும் இன்னொரு விரிவான கட்டுரை எழுதினார்கள். பர்னார்ட் யாரென்று சென்னை பெரியாஸ்பத்திரி பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அங்கே 1934-ல் திறந்த ரேடியாலஜி நிலையம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நெல்லூர் நோயாளிகளின் எக்ஸ்ரே தகட்டில் முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இடைவெளி சுண்ணாம்பேறி, முழுத் தண்டும் ஒரே எலும்பாகத் தெரிந்தது. ஷார்ட் சும்மா ஆள் இல்லை. பின்னால் 1948-ல் மலேரியாக் கிருமி மனித ஈரலுக்குள் ஒளிந்து வளர்வதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். பண்டிட் சுதந்திர இந்தியாவின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு முதல் இயக்குநரானார். நம் ஊர் மருத்துவ வரலாற்றில் இவ்வளவு பேர் ஒரே கிணற்றை எட்டிப் பார்த்தது அபூர்வம்.

கிண்டிக்காரர்கள் இருட்டில் துழாவவில்லை. ஆறு வருடம் முன்பே அமெரிக்காவில் ஒருவர் விளக்கேற்றி வைத்திருந்தார். 1931-ல் அலுமினியம் கம்பெனியான அல்கோவாவின் தலைமை வேதியியலாளர் சர்ச்சில், ஆர்கன்சாவின் பாக்சைட் என்ற ஊர்த் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார். அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் விஷம் என்று அப்போது ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி ஊரிலேயே பிள்ளைகளின் பல் கறுத்தால் பழி எங்கே விழும் என்ற பயம் அவருக்கு. ஒளியைப் பிரித்துப் பார்க்கும் நிறமாலைக் கருவியில் தண்ணீரின் மிச்சத்தை எரித்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் ஃப்ளோரைடு! சர்ச்சில் முதலில் நம்பவில்லை. வேறு தண்ணீர் வரவழைத்து மறுபடி பார்க்கச் சொன்னார். மறுபடியும் அதேதான்.

நிறமாலை என்றதும் ஒரு எட்டு கொடைக்கானலுக்குப் போய் வரலாம். அங்கே சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் கால்சியம் வெளியிடும் ஒளியில் மட்டும் சூரியனைப் படமெடுத்து வந்தார்கள். உங்கள் பல்லில் இருக்கும் அதே கால்சியம். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே நிறமாலைக் கோடுகளின் சாய்வைப் பார்த்து, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். அதே 1909-ல்தான் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில், அத்தியாயம் 9-ல் சந்தித்த பல் மருத்துவர் மெக்கே, தன் ஊரின் பழுப்புப் பற்களைப் பார்க்க ஜி.வி. பிளாக் என்ற பல் மருத்துவ மேதையை அழைத்து வந்தார். இவர் சூரியனில் ஒரு புள்ளியைப் பார்க்கிறார், அவர் பல்லில் ஒரு புள்ளியைப் பார்க்கிறார். இருவருக்கும் அறிமுகம் கிடையாது. வரலாற்றுத் தொடர் எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி தற்செயல்கள் கிடைத்தால் விட மனசு வராது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கொடைக்கானலைக் கூப்பிட்டதற்கு உண்மையான காரணம் வேறு. இந்தக் கதையின் இரண்டு முகமும் அந்த ஒரே மலையில் இருக்கிறது, மலை மேல் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று.

●

முதலில் அடிவாரம். வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்ஸில் வலது இடது என்று வளைந்து ஏறும்போது கீழே விரியும் சமவெளி நிலக்கோட்டை வட்டாரம். மல்லிகை விளையும் பூமி. பூ மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊர். 2009-ல் விஸ்வநாதன், கோபாலகிருஷ்ணன் முதலான ஆய்வாளர்கள் இந்த ஒன்றியத்தில் ஊர் ஊராகக் குடிநீரை அளந்து ஃப்ளோரைடு வரைபடம் ஒன்று போட்டார்கள். சில ஊர்களில் அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பால்பல் விழுந்து முளைக்கும் பற்கள் முளைக்கும்போதே கறையோடு வரும். தேய்த்துப் போகிற கறை இல்லை அது. எனாமல் ஈறுக்குள் உருவாகும்போதே உள்ளே எழுதப்பட்டுவிட்டது.

மலை மேல் இருப்பவர்களுக்கு ஏன் இது இல்லை? மேலே விழுகிற மழை ஓடையாக இறங்கி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, பாறையோடு பழகவே அதற்கு நேரமில்லை. கீழே ஆழ்துளைக் கிணற்றில் வருவது வருடக்கணக்கில் கடும்பாறையின் இடுக்குகளில் கிடந்த தண்ணீர். பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் என்று அந்தப் பாறையிலுள்ள கனிமங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளோரைடை விட்டுக்கொடுக்கின்றன. மழை பொய்த்து, போர் இன்னும் ஆழமாகப் போகப் போக ஆபத்து கூடுகிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும். பல்லின் எனாமலும் அபடைட் குடும்பம்தான். எடையில் 96 சதவீதம் தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் ஹைட்ராக்சிலும் சேர்ந்த ஹைட்ராக்சி அபடைட். பாறை விட்டுக்கொடுத்த ஃப்ளோரைடு பல்லில் போய் உட்கார இடம் தேடுவது இதனால்தான்.

வெயில் இன்னொரு காரணம். 1950-களில் அமெரிக்க அரிசோனாவில் காலகன் என்பவர் காட்டியது இது: சூடான ஊர்க்காரன் அதிகத் தண்ணீர் குடிக்கிறான், அதனால் குளிர் ஊரில் சரியாக இருக்கும் ஃப்ளோரைடு அளவு சூடான ஊரில் அதிகம். நிலக்கோட்டையில் சித்திரை மாதம் களையெடுக்கிறவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை செம்பு தண்ணீர் வேண்டும் என்று யோசித்தால் கணக்கு புரியும்.

இப்படியே முடிந்திருந்தால் ஃப்ளோரைடு ஒரு வில்லன், அவ்வளவுதான். கதை அங்கேதான் புரண்டு படுக்கிறது. கொலராடோவில் மெக்கே பல வருடம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தது ஒரு விஷயத்துக்காக: பார்க்க அசிங்கமாக இருந்த அந்தப் பழுப்புப் பற்களில் சொத்தை குறைவு. 1930-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் ட்ரெண்ட்லி டீன் இதைத் துரத்தினார். ஊர் ஊராகப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தார். 1942 வாக்கில் 21 நகரங்களின் கணக்கு அவர் கையில். லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஒட்டி இருந்தால் கறை அநேகமாக இல்லை, சொத்தையும் வெகுவாகக் குறைவு. 1945 ஜனவரி 25-ல் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் தன் குடிநீரில் ஃப்ளோரைடைத் தானே கலக்கத் தொடங்கியது. அங்கே சேர்த்தார்கள்; இங்கே எடுக்கப் போராடினோம். இதே சிக்கலில் இருந்த தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் தண்ணீர் 2013-ல்தான் வந்தது. அந்தத் திட்டத்தின் கதைக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன்.

●

இனி மலை மேல். சீசனில் கொடைக்கானல் போனவர்கள் கோக்கர்ஸ் வாக்கில் என்ன செய்வார்கள்? பனியைப் பார்ப்பார்கள், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று தின்பார்கள். பிளம்ஸ் காலமென்றால் கேட்கவே வேண்டாம். மூன்றாம் நாள் காலையில் லாட்ஜ் வாஷ்பேசினில் ஒரு குரல்: "என்னன்னு தெரியல, பல்லெல்லாம் கூசுது." பக்கத்திலிருந்து மாமியார் பதில்: "மூணு நாளா புளிப்பைத் தின்னா கூசாம என்ன பண்ணும்? வெந்நி போட்டு கொப்பளி."

மாமியாரின் நோயறிதல் சரி. இது சொத்தை இல்லை. சொத்தையில் அமிலத்தை உண்டாக்குவது வாயிலுள்ள கிருமிகள், அவற்றுக்குத் தீனி சர்க்கரை. இங்கே கிருமிக்கு வேலையே இல்லை. அமிலம் பழத்திலிருந்தோ சோடா பாட்டிலிலிருந்தோ நேராக வருகிறது. எலுமிச்சைச் சாறும் கோலாவும் பி.ஹெச் 2 முதல் 3-க்குள் (எண் குறையக் குறைய அமிலம் கடுமை). எனாமல் கரையத் தொடங்கும் எல்லை 5.5 வாக்கில். ஆக ஒவ்வொரு மடக்கிலும் எனாமலின் மேற்பரப்பு ஒரு நூலிழை மிருதுவாகிறது. உடனே கரைந்து போய்விடுவதில்லை. முதலில் இளகுகிறது. இளகிய நேரத்தில் பிரஷ்ஷைப் போட்டு அழுத்தித் தேய்த்தால் அது போயே போய்விடும்.

கேள்வி இதுதான்: இளகியது மறுபடி கெட்டிப்படுமா?

எனாமலுக்கு உயிர் கிடையாது. அதை உருவாக்கிய செல்கள் பல் வாயில் முளைக்கும்போதே போய்விட்டன. கை வெட்டினால் தோல் மூடும், எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் தானாக வளராது. அதனால் வெகுகாலம் பல் மருத்துவர்கள் "போனது போனதுதான்" என்றே இருந்தார்கள். 1912-ல் ஃபிலடெல்ஃபியாவின் ஜோசப் ஹெட் ஒரு காரியம் செய்தார். எனாமலை அமிலத்தில் இளக்கினார். பிறகு உமிழ்நீரில் வைத்தார். மறுபடி கெட்டிப்பட்டது! அமெரிக்க மருத்துவக் கழகத்தின் பத்திரிகையிலேயே வெளியிட்டார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எச்சிலுக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு மரியாதை இல்லை.

ஹெட் சொன்னதை நம்பவைக்க ஒரு அளவுகோல் வேண்டியிருந்தது. "கெட்டி" என்றால் எவ்வளவு கெட்டி? 1939-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிலையத்தில் ஃபிரெடெரிக் நூப்பும் சகாக்களும் அதைக் கொடுத்தார்கள். வைர முனை ஒன்று. சின்ன எடையை அதன் மேல் வைத்து எனாமலில் அழுத்த வேண்டும். நீளவாக்கில் ஒரு சாய்சதுரப் பள்ளம் விழும். மைக்ராஸ்கோப்பில் அதன் நீளத்தை அளக்க வேண்டும். நல்ல எனாமலில் பள்ளம் குட்டை, இளகிய எனாமலில் நெட்டை. நூப் எண் 300-க்கு மேல் இருந்தால் எனாமல் தேறியது. சாறு குடித்துவிட்டு வந்தால் எண் சரியும். அவ்வளவு எளிய சோதனை. இதுவரை இந்தத் தொடரில் வந்த கருவிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நூப்பின் முனையை வைத்துக்கொண்டு 1961-ல் அலபாமா பல்கலைக்கழகத்தின் தியடோர் கூலூரிடிஸ், குவெட்டோ, பிக்மன் மூவரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: கால்சியமும் பாஸ்பேட்டும் உள்ள கரைசலில் வைத்தால், இளகிய மனிதப் பல் எனாமல் கடினம் ஏறுகிறது. ஹெட் சொன்னதற்கு ஐம்பது வருடம் கழித்து எண்ணால் சாட்சி. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே குழு கரைசலில் துளியே துளி ஃப்ளோரைடு சேர்த்துப் பார்த்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவிலேயே கெட்டிப்படும் வேகம் கூடியது. டீன் ஊர் ஊராக அலைந்து பிடித்த அதே 1 மில்லிகிராம்!

அப்போதுதான் பழைய நினைப்பு ஆட்டங்காணத் தொடங்கியது. ஃப்ளோரைடை விழுங்கி, அது ரத்தத்தில் கலந்து, பல் உருவாகும்போது உள்ளே போனால்தான் பலன் என்று நம்பியிருந்தார்கள். அது அப்படியில்லை, பல்லின் மேற்பரப்பில், எச்சிலில் கொஞ்சமாகக் கரைந்து நின்றாலே போதும் என்ற கருத்து 1980-களில் நிலைபெற்றது. எச்சிலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் மறுபடி வந்து படியும்போது ஃப்ளோரைடு கூட இருந்தால் படிவு வேகமாகிறது. படிவது ஃப்ளோர் அபடைட்டை ஒத்த கனிமம், அது கரைய பி.ஹெச் 4.5 வரை இறங்க வேண்டும். விழுங்காமலே வேலை நடக்கிறது என்பது நிலக்கோட்டைக்கு நல்ல செய்தி. ஏன் என்று கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

●

கண்ணாடிக் குவளைக்குள் நடந்தது வாய்க்குள் நடக்குமா? இங்கேதான் சோதனை விசித்திரமாகிறது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் டொமினிக் ஜீரோவும் குழுவும் செய்த முறையைச் சொல்கிறேன். எனாமலைச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் பளபளவென்று தீட்டுகிறார்கள். இந்த வகைச் சோதனைகளில் பெரும்பாலும் மாட்டுப் பல்தான். நூப் முனையால் முதல் அளவு. பிறகு அந்தத் துண்டுகளை கிரேப்ஃப்ரூட் சாற்றில் ஊறவைக்கிறார்கள், நம் பம்பளிமாஸின் சொந்தக்காரப் பழம் அது. இளகியதும் இரண்டாம் அளவு. இப்போது ஒரு தன்னார்வலரின் வாயில், கழற்றி மாட்டும் தகடு ஒன்றில் அந்தத் துண்டுகளைப் பொருத்துகிறார்கள். அவர் சோதனை பேஸ்ட்டால் தன் சொந்தப் பல்லைத் துலக்கி, நுரையை வாய் முழுக்கச் சுழற்றித் துப்புகிறார். சில மணி நேரம் அந்தத் துண்டுகள் அவருடைய எச்சிலிலேயே கிடக்கின்றன. கழற்றி மூன்றாம் அளவு. இழந்த கடினத்தில் எத்தனை சதவீதம் திரும்பியது என்று அப்போது தெரியும்.

அவர் துலக்கியது ஃப்ளோரைடு பேஸ்ட்டா, வெறும் பேஸ்ட்டா என்று அவருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. அதே ஆள் இன்னொரு நாள் இன்னொரு பேஸ்ட்டில் மறுபடி. ஆளுக்கு ஆள் எச்சில் வேறு என்பதால் ஒரே ஆளின் வாய்க்குள்ளேயே பேஸ்ட்டுகளை ஒப்பிடுகிறார்கள்.

விடை என்ன? வெறும் பேஸ்ட்டிலும் கொஞ்சம் திரும்பியது, அது எச்சிலின் வேலை. ஹெட் கல்லறையில் சிரித்திருப்பார். ஃப்ளோரைடு பேஸ்ட்டில் அதைவிட அதிகம். அப்படிச் சரிபட்ட பரப்பை மறுபடி சாற்றில் போட்டால் கொஞ்சம் தாக்குப்பிடித்தது.

பேஸ்ட் விளம்பரங்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கின்றன. நான் நிறுத்த முடியாது. திரும்பியது இளகிய அடுக்கின் கடினம் மட்டும். உதிர்ந்து போன எனாமலை எந்த பேஸ்ட்டும் கொண்டுவரவில்லை. பி.ஹெச் 4.5-க்கும் கீழான எலுமிச்சைக்கு முன்னால் ஃப்ளோர் அபடைட்டும் கரையத்தான் செய்யும். அதனால் ஃப்ளோரைடைக் கவசம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது தாக்குதலுக்குப் பிறகு வரும் பழுதுபார்ப்பு. நாளெல்லாம் கோலாவை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டு இரவில் பேஸ்ட்டை நம்புகிறவருக்கு நூப் எண் இரக்கம் காட்டாது. புளிப்பு தின்ற கையோடு பிரஷ்ஷைத் தொடாமல் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். வெந்நீரில் கொப்பளிக்கச் சொன்ன அந்த மாமியார் இண்டியானாவுக்குப் போகாமலே பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார்.

நிலக்கோட்டைக்கு வருவோம். இந்தியாவில் விற்கும் பேஸ்ட்டில் ஃப்ளோரைடு 1000 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தர நிர்ணயம், அதாவது கிலோவுக்கு 1 கிராம். பெரியவர் துப்பிவிடுகிறார், கவலை இல்லை. சின்னக் குழந்தை பேஸ்ட்டை மிட்டாய் மாதிரி விழுங்குகிறது. குடிநீரிலேயே ஃப்ளோரைடு கூடுதலாக இருக்கும் ஊரில், முளைக்காத பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வரவு. பேஸ்ட்டையே நிறுத்துவது வழியில்லை. அது வேலை செய்வது பல்லின் மேற்பரப்பில், வயிற்றில் அல்ல. மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு, பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு அலையாகப் பிதுக்குவதைப் பார்த்துப் பிதுக்கக் கூடாது.

●

இவ்வளவும் படித்தபின் ஒரு சந்தேகம் வரவேண்டும். 1942-லேயே ஃப்ளோரைடு சொத்தையைக் குறைக்கும் என்று தெரியும். பேஸ்ட்டில் போடுவதற்கு என்ன தடை?

தடையே இல்லை. போட்டார்கள். பேசில் பிபி என்ற ஆய்வாளர் சோடியம் ஃப்ளோரைடு கலந்த பேஸ்ட்டைக் கொடுத்துத் துலக்க வைத்து, சாதா பேஸ்ட்டோடு ஒப்பிட்டு 1945-ல் முடிவை வெளியிட்டார். பலன்: ஒன்றுமில்லை. ஃப்ளோரைடு பேஸ்ட்டால் துலக்கியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் சொத்தையில் வித்தியாசமே இல்லை.

தண்ணீரில் வேலை செய்த அதே ஃப்ளோரைடு பேஸ்ட்டுக்குள் போனதும் எங்கே காணாமல் போனது? அளந்து போட்டது அளவோடு உள்ளேதான் இருந்தது. ஆனால் பல்லை அது எட்டவில்லை. பேஸ்ட்டுக்குள்ளேயே, பல்லைத் தேய்க்க என்று நூறாண்டாக நம்பிச் சேர்த்துவந்த ஒரு பொருளே அதைத் திருடிக்கொண்டிருந்தது. இண்டியானாவின் ஜோசப் மூலர் அந்தத் திருடனை எப்படி வெளியேற்றினார் என்பது அடுத்த வாரம்.

அதற்குள் உங்கள் வீட்டு பேஸ்ட் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் மோனோஃப்ளூரோஃபாஸ்பேட் என்று பொடி எழுத்தில் ஒரு நீளப் பெயர் இருந்தால், அந்தத் திருடன் அநேகமாக இன்னும் உங்கள் குழாய்க்குள்தான் இருக்கிறான்.

(தொடரும்)